நகல் எடுத்தாயிற்று

எங்கள் வீட்டுக்கு இயங்குதளம் மாற்ற வேண்டிய கெடு புதன்கிழமை மாலை நான்கு மணி. குடியிருப்போர் சங்கத்திலிருந்து மூன்று கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது கடிதத்தில் என் பெயரைச் சிவப்பில் அச்சடித்திருந்தார்கள்.

பழைய இயங்குதளம் வீடு கட்டியவர்களே போட்டுக் கொடுத்தது. அதற்கு வயதாகிவிட்டது. குழாயைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. நடு அறை மின்விசிறி 'அப்டேட் தேவை' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததால், நானும் என் மனைவி வசந்தாமணியும் ஆறு மாதமாக ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறோம். பீளமேட்டில் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

புதியது திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் அதைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் என்கிறார்கள். யாரிடம் புகார் சொல்வது என்று கேட்டால் யாரும் இல்லை என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. வெட் கிரைண்டர் கம்பெனியில் இருபத்தாறு வருடம் தர ஆய்வாளராக இருந்தவன் நான். ஒரு பொருள் என்றால் அதற்கு ஒரு முதலாளி வேண்டும்.

அதைப் போடுவதற்கு இரண்டு வழி. ஒன்று, தானாகப் போடுவது. ஒரு பெட்டியை வாசலில் வைத்தால் போதும். அது உள்ளே போய், இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, அரைமணியில் வேலையை முடித்துவிடும். வைத்துக்கொள்ள எதுவும் இல்லாதவர்களுக்கு அது வசதி. இரண்டாவது, கைமுறை. வீட்டின் தரைதான் டிஸ்க். எந்த அறை எதற்கு என்று நாமே எழுதி, துடைக்க வேண்டியதைத் துடைத்து, காப்பாற்ற வேண்டியதைத் தொடாமல் விட வேண்டும்.

என்னிடம் மனைவி இருந்ததால் கைமுறையைத் தேர்ந்தெடுத்தேன்.

சங்கம் ஒரு கையேடு கொடுத்தது. அதன் முதல் வரி 'தொடங்குமுன் நகல் எடுக்கவும்' என்பது. நகல் எடுப்பது கஷ்டமான வேலை இல்லை. நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆள் நாற்காலியில் உட்கார்ந்து தன்னைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிய நோட்டை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் சம்படத்திலிருந்து ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வசந்தா தயாராக வந்து பின்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நோட்டு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் துடைக்கப் போனேன். என் ஸ்கூட்டர் மூன்றாவது மாடியில் பின்பக்கப் பால்கனியில் நிற்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டுச் சங்கம் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. இரண்டு மணி நேரம் துடைத்தேன். திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். காலடிச் சத்தத்தில் கண் விழித்தாள்.

"ஆச்சுங்களா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.

காலிச் சம்படத்தை இறுக்கமாக மூடி வெளியே நடையில் வைத்தேன். கையேட்டில் 'நகல் எடுத்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். டிக் அடிப்பது என் தொழில். ஒரு ஷிப்டுக்கு நானூறு கிரைண்டருக்கு அடித்திருக்கிறேன். எல்லாவற்றையும் சுற்றவிட்டுப் பார்த்தா அடிப்பார்கள்?

புதன்கிழமை விடியும்போது நான் பாயில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். பால் பாக்கெட் இன்னும் வந்திருக்கவில்லை. வசந்தா எழுந்து புடவையை உதறும் சத்தம் கேட்டது.

"நான் பின்னறைக்குப் போறேனுங்க" என்றாள். "மூணாவது வீட்டுக் கல்யாணத்துக்குப் பதினாலு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெக்கோணும். எல்லாம் முடிச்சுட்டுக் கூப்புடுங்க. பின்னறையை மட்டும் தொட்றாதீங்க."

"அது நாலாம் நம்பர். தொட மாட்டேன்."

"நகல் இருக்குதல்லங்க?"

"இருக்குது."

"அப்பச் சரிங்க."

பின்னறைக் கதவு திறந்து மூடியது. அவள் கொக்கிகளைத் தகர மூடியில் கொட்டும் சத்தம் கேட்டது. நான் மறுபடி தூங்கிவிட்டேன்.

அவளை வெளியே எங்காவது அனுப்பியிருக்கலாமே என்று தோன்றும். அனுப்ப முடியாது. நிறுவும்போது வீட்டுக்கு வெளியே இருப்பவர் விருந்தாளி என்றே பதிவாவார். எதிர்வீட்டு வரதராஜுலுவின் மனைவி அப்படித்தான் பொள்ளாச்சிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். இப்போது தினமும் மணி அடித்துவிட்டுத் தன் வீட்டுக்குள் வருகிறார். ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். சமையலறைக்குள் போக அவருக்கு அனுமதி இல்லை.

எட்டு மணிக்கு எழுந்து, வாசற்கதவைத் திறந்து பால் எடுத்தேன். சமையலறையில் காபி போட்டுக் குடித்தேன். நடு அறையைத் திறந்து கையேட்டை எடுத்தேன். கையேட்டை நான் முன்பே முழுவதும் டிக் அடித்து வைத்திருந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதில் 'அறை எண்கள் காலைதோறும் கதவுகள் திறக்கும் வரிசையில் புதிதாக இடப்படும். எழுதுமுன் சரிபார்க்கவும்' என்று இருந்தது. கீழே கட்டம். கட்டத்தில் என் டிக். சரிபார்த்த விஷயத்தை மறுபடி சரிபார்ப்பது எனக்குப் பழக்கமில்லை.

முந்தைய நாள் எழுதி வைத்த தாள் சட்டைப் பையில் இருந்தது. ஒன்று, ஹால். இரண்டு, சமையலறை. மூன்று, நடு அறை. நான்கு, பின்னறை.

எதிரே தன் வீட்டு வாசற்படியில் வரதராஜுலு நின்றுகொண்டிருந்தார். அவர் பொங்கலிலிருந்தே அங்கேதான் நிற்கிறார். அவரும் கைமுறைதான். தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றுவிட்டது. சட்டைப் பைக்கு மேலே 97 என்று பச்சையில் தெரியும். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறார்.

"என்னங் சார், இன்னைக்குங்களா?" என்றார்.

"இன்னைக்குத்தான்."

"நம்பர் பாத்துட்டீங்களா?"

"நேத்தே பாத்து எழுதிட்டேன்."

"நேத்து நம்பர் நேத்தைக்குங்க."

"புரியலைங்க."

"கையேட்டைப் படிச்சீங்களா?"

எனக்கு எரிச்சல் வந்தது. இந்தத் திறந்த மூலக்காரர்கள் எதைக் கேட்டாலும் இதையே திருப்பிக் கேட்கிறார்கள். பேச்சை மாற்ற, அவருடையது ஏன் முடியவில்லை என்று கேட்டேன்.

"முடிக்கட்டுமான்னு அது கேக்குமுங்க. இல்லைம்பேன்."

"ஏன்?"

"முடிஞ்சிருச்சுன்னா எங்க வீட்ல விருந்தாளியாவே நின்னுருவாங்க."

அவர் சதவீதத்தைக் கையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் வேலையை ஆரம்பித்தேன்.

கைமுறையாக நிறுவுகிறவர் வாசற்படியின் மேலேயே நிற்க வேண்டும். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நின்றேன். 'தொடங்கு' என்றேன். நான்கு அறைகளும் சுவரிலிருந்து கழன்று, மடித்த வெள்ளை வேட்டிகளாக என் காலடியில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் சலவைக்குறி போல ஒரு எண் மட்டும் இருந்தது. அறைகள் இருந்த இடத்தில் பெரிய சுவர் மட்டும் நின்றது. சுவரில் நான்கு ஆணிகள். ஒவ்வொரு ஆணியின் கீழும் ஒரு பெயர்: வேர், துவக்கம், மாற்றிடம், வீடு.

வேர் என்பது குழாய்க்கும் விளக்குக்கும் கதவுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த இடம். துவக்கம் என்பது காலையில் வீடு கண் விழிக்கும் இடம். மாற்றிடம் என்பது வேலை அதிகமானால் கையில் இருப்பதைக் கொஞ்ச நேரம் போட்டு வைக்கும் இடம். வீடு என்பது ஆட்களும் அவர்கள் சாமான்களும் இருக்கும் இடம். முதல் மூன்றையும் ஃபார்மேட் செய்ய வேண்டும். நான்காவதைத் தொடக்கூடாது.

நான்காம் வேட்டியைத் தூக்கினேன். நல்ல கனம். வசந்தாவும் பதினாலு ஜாக்கெட்டும் என்றால் கனக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். இடிபடாமல் ஓரமாக வைத்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஒன்றாம் வேட்டி இலேசாக இருந்தது. தூக்கியபோது உள்ளே ணிங் என்று ஏதோ சத்தம் கேட்டது. ஹாலில் காலண்டர் ஆணி கழன்றிருக்கும் என்று நினைத்தேன்.

காலிங் பெல் பேசியது. "ஒன்றை ஃபார்மேட் செய்யவா? இதற்குப் பிறகு திரும்ப முடியாது. ஆம், இல்லை."

"ஆம்."

ஃபார்மேட் என்பது வேட்டியை உதறுவதுதான். மூன்று முறை உதறினால் முழுத் துடைப்பு. ஒரு முறை உதறினால் வேகத் துடைப்பு. கையேடு மூன்று முறை என்றது. நான் ஒரு முறை உதறினேன்; மூன்று முறை என்ற கட்டத்தில் என் டிக் முன்பே இருந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. இரண்டையும் மூன்றையும் அதேபோல உதறினேன்.

இரண்டை வேர் ஆணியில் மாட்டினேன். அது விரிந்து அறையானது. புது சோப்பு வாசனை அடித்தது. விளக்கு எரிந்தது. கடவுச்சொல் இல்லாமல் குழாயில் தண்ணீர் வந்தது. திறந்த மூலத்தைப் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. வசந்தாவுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று, வரிசையை விட்டுவிட்டு நான்கை எடுத்து வீடு ஆணியில் மாட்டினேன்.

அறை விரிந்தது. கதவைத் திறந்தேன்.

"வசந்தா, முடிஞ்சிருச்சு" என்றேன்.

உள்ளே வெட் கிரைண்டர் இருந்தது. கம்பெனியில் நான் விருப்ப ஓய்வு பெறும்போது கொடுத்த கிரைண்டர். பக்கத்தில் ஒடிந்த குடை. மேலே மின்விசிறி. அது 'அப்டேட் தேவை' என்றது. இது எங்கள் நடு அறை. கிரைண்டரின் வயிற்றில் என் கையால் அடித்த டிக் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"வசந்தா" என்று இன்னொரு முறை கிரைண்டரைப் பார்த்துச் சொன்னேன்.

அப்போதுதான் காலையில் எந்தக் கதவு முதலில் திறந்தது என்று நினைவு வந்தது. பால் வருவதற்கு முன்பே அவள் பின்னறையைத் திறந்திருந்தாள். இன்று பின்னறைதான் ஒன்று. நான் ஒன்றை உதறியிருந்தேன்.

வாசலுக்கு ஓடினேன்.

"எத்தனை தடவை உதறுனீங்க?" என்றார் வரதராஜுலு. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

"ஒரு தடவை."

"பொழைச்சீங்க. ஒரு தடவைன்னா எது எங்கன்னு எழுதி வெச்ச அட்டவணைதாங்க போகும். ஆளு உள்ளதான் இருப்பாங்க. எங்கன்னுதான் தெரியாது."

"யாருக்குத் தெரியாது?"

"அவங்களுக்குமே தெரியாதுங்க." அவர் ஒன்றாம் வேட்டியைக் கண்ணால் காட்டினார். "ஆணியில மாட்டிராதீங்க. மாட்டுனா மேல எழுத ஆரம்பிச்சிரும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நகல் இருக்குதல்ல?"

நடையில் சம்படம் இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். திறக்காமலே அது காலி என்று தெரிகிற மாதிரி இருந்தது.

"எடுக்கலைங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இதை முதல் முறையாகச் சொல்கிறேன்.

"ஆபீசுக்குப் போங்க" என்றார் வரதராஜுலு. "கெடுவுக்குள்ள போகோணும். வழியில யாரையும் எதுவும் கேக்காதீங்க."

வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். மூன்றாம் மாடிக்குக் கீழே மறுபடி மூன்றாம் மாடி வந்தது. அதற்குக் கீழே தரைத்தளம். சங்கத்து ஆபீசுக்குப் போகும் நடையில் ஒரு பலகை தொங்கியது. 'முன்பே கேட்கப்பட்ட கேள்வியைக் கேட்டால் நடை ஐம்பதடி கூடும்.' எதிரே ஒருவர் வந்தார். பதற்றத்தில், "ஆபீஸ்ல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஆபீஸ் கதவு கண்முன்னாலேயே பின்னால் போனது. அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொஞ்சம் வழி விடுவீங்களா?" என்றேன். இன்னும் ஐம்பதடி கூடியது.

வாயை மூடிக்கொண்டு நடந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று.

ஆபீசில் ஒரு பெண் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் 'எஸ்தர், தன்னார்வலர்' என்று பலகை. முதல் மாடியில் குடியிருப்பவர். லிஃப்டில் பார்த்திருக்கிறேன்.

"மேடம், என் மனைவியை உதறிட்டேன்" என்றேன்.

"கையேட்டைப் படிச்சீங்களா?"

"டிக் அடிச்சேன்."

அவர் சாதத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பட்டியலைப் பார்த்தார். "உங்க பேரு என்னங்க?"

"குமரகுரு. மூணாவது மாடி."

"மூணாவது மாடில இன்னைக்குப் புது சிஸ்டம் ஏறியிருக்குதுங்க. அதுல குமரகுருன்னு யாருமே இல்லையே."

"நான்தான் நிக்கறேனே."

"நிக்கறது தெரியுதுங்க. பதிவு இல்லை. பதிவு இல்லாதவங்க மீட்பு விண்ணப்பம் குடுக்க முடியாது. மொதல்ல உங்களை உருவாக்கோணும். கடவுச்சொல் சொல்லுங்க."

"வசந்தாமணி."

"ரொம்பச் சுலபமாக் கண்டுபிடிச்சுருவாங்களே."

"எனக்குக் கிடைக்கலைங்களே" என்றேன். அவர் மேற்கொண்டு ஆட்சேபிக்கவில்லை. இரண்டாம் முறையும் அதையே சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டும் ஒத்துப்போயிற்று. நான் உருவானேன். வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

மீட்பு விண்ணப்பத்தில் நாற்பது கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். நான் பேனாவை எடுத்துப் பன்னிரண்டு நொடியில் நாற்பது கட்டத்திலும் டிக் அடித்துக் கொடுத்தேன். எஸ்தர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று கொடுத்தார்.

"டிக் செல்லாதுங்க. எழுதோணும். அட்டவணை போயிருச்சல்ல, நீங்க அவங்களைப் பத்திச் சரியா எழுத எழுதத்தான் அவங்க எங்கெங்க இருக்காங்கன்னு திரும்பத் தெரியும். வேட்டியை மேசை மேல வைங்க. சரியா இருந்தாச் சத்தம் கேக்கும்."

"தப்பா இருந்தா?"

"தப்பு அங்கயே போய் எழுதிக்கும். அவங்க மேலயே."

முதல் கேள்வி முழுப்பெயர். வசந்தாமணி என்று எழுதினேன். வேட்டிக்குள் ணிங் என்றது. கொக்கி தகர மூடியில் விழும் சத்தம். எனக்கு உயிர் வந்தது.

இரண்டாவது, பிறந்த ஊர். காங்கேயம் பக்கம் என்று எழுதினேன். பாதிச் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கமுங்க?" என்றார் எஸ்தர்.

எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது காரில் தூங்கிவிட்டேன்.

மூன்றாவது, காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை. இது தெரியாதா என்று, இரண்டு என்று எழுதினேன். வேட்டி சும்மா இருந்தது. நான் காத்திருந்தேன். அப்போதும் சும்மா இருந்தது.

"இனி அவங்களுக்கு ரெண்டுதாங்க" என்றார் எஸ்தர்.

இருபத்திரண்டு வருடமாக அவளே காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் என்னுடைய சர்க்கரையை எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பேனாவை வைக்கவே பயமாக இருந்தது. தனியாக இருக்கும்போது என்ன பாட்டை முணுமுணுப்பார்? தெரியும் போல இருந்தது, விட்டுவிட்டேன். கடைசியாக எதற்கு அழுதார்? அழுதாளா என்றே தெரியவில்லை, விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? நான் அவளுக்கு முன்னால் தூங்கிவிடுகிறவன். விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு கட்டங்களைக் காலியாக விட்டதில்லை. முப்பத்தொன்பதாவது கேள்விக்கு வரும்போது எட்டு முறைதான் சத்தம் கேட்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்றே கால்.

நாற்பதாவது கேள்வி: 'நீங்கள் அவரை நன்றாகப் பார்த்த ஒரு நேரத்தை எழுதவும்.'

ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன்.

காலை பதினோரு மணி. தலை வாரி, கனகாம்பரம் வைத்திருந்தாள். இடது பக்கம் ஒரு முடி மட்டும் அடங்காமல் நின்றது. கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற நீலப்புடவையைக் கட்டியிருந்தாள். கைகளை மடியில் வைத்திருந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தனக்குத்தானே சிரித்தாள். நான் பால்கனியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். மூன்று மணி நேரம் ஒருத்தர் பேசுவதைக் கேட்டு எழுத வேண்டும் என்பது எனக்கு மலைப்பாக இருந்தது. நடுவில் அவள் திரும்பிக் கம்பி வழியாக என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

எழுத எழுத வேட்டிக்குள் கொக்கிகள் விழுந்துகொண்டே இருந்தன. எழுதி முடித்தபோது வேட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

எஸ்தர் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தார். ஒரு சீட்டை எழுதி வேட்டியில் குத்தினார். 'பார்க்க மட்டும்' என்று இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தமுங்க?"

"இனி ஆணியில மாட்டுனாலும் மேல எழுதாது. பாக்கலாம், கேக்கலாம். நீங்க சொல்றது எதுவும் அவங்ககிட்ட நிக்காது. ரீஸ்டார்ட் ஆகற வரைக்கும் இருப்பாங்க. அதுக்குள்ள நகல் எடுத்துக்கோங்க."

"ரீஸ்டார்ட் எப்ப?"

"நாலு மணிக்கு அதுவே கேக்குமுங்க."

"யாரைக் கேக்கும்?"

நடை ஐம்பதடி கூடிய சத்தம் வெளியே கேட்டது. எஸ்தர் டிபன் பாக்ஸைத் திறந்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். நான் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓடியதில்லை.

மூன்றாம் மாடிக்கு வந்தபோது வரதராஜுலுவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் மனைவி ஹாலில் சோபா ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரதராஜுலு தன் வீட்டு வாசலில் நின்று அவருக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

நடு அறையை ஆணியிலிருந்து கழற்றி, கிரைண்டரோடு நடையில் போட்டேன். வீடு ஆணியில் ஒன்றாம் வேட்டியை மாட்டினேன். அறை விரிந்தது. திறந்தேன்.

பின்னறையில் வசந்தா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீலப்புடவை. கனகாம்பரம் வாடாமல் இருந்தது. பால்கனியில் ஸ்கூட்டர் பளபளவென்று நின்றது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

அவள் கண் விழித்தாள்.

"ஆச்சுங்களா?" என்றாள்.

"இல்லை, வசந்தா" என்றேன். "நான் எடுக்கவே இல்லை. ஸ்கூட்டர் தொடைச்சிட்டு இருந்தேன். உங்கிட்டப் பொய் சொன்னேன். அப்புறம் நம்பர் பாக்காம உன்னை உதறிட்டேன். தப்பு என்னுதுதான்."

அவள் முழுவதையும் கேட்டாள். முகம் சின்னதாகிவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு இடது பக்கம் அடங்காத முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். முகம் பழையபடி ஆயிற்று.

"ஆச்சுங்களா?" என்றாள்.

நான் சொன்னது எங்கும் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்டதும் போய்விட்டது, அவளுக்கு வந்த கோபமும் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அதுவும் அவளிடம் நிற்காது என்பதால் தாராளமாக அழுதேன்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னும் இல்லை. இனித்தான். நீ சொல்லு, நான் எழுதறேன்."

"எங்க இருந்துங்க?"

"மொதல்ல இருந்து."

"நெசமாவே எழுதுவீங்களா?"

"எழுதறேன்."

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காங்கேயத்திலிருந்து எந்தப் பக்கம், எத்தனை மைல், வழியில் என்ன மரம் என்று சொன்னாள். ஒரு கன்றுக்குட்டிக்குத் தன் பெயரை வைத்ததற்காகச் சண்டை போட்டதைச் சொன்னாள். எனக்கு எழுத்து வேகம் போதவில்லை. நிறுத்தச் சொல்லி, எழுதி, மறுபடி சொல்லச் சொன்னேன். நடுவில் தன் காபியைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்குக் காப்பிக்கு ரெண்டு கரண்டி சர்க்கரைங்க" என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். தன் பைக்குள் வேறு யாருடையதோ சாவி இருப்பதைப் பார்த்தவள் போல முழித்தாள். "அப்புடியா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த வரியை மட்டும் நான் எழுதவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

நான்கு மணிக்குக் காலிங் பெல் அடித்தது. "கெடு முடிந்தது. மறுதுவக்கம் செய்யவா? ஆம், இல்லை."

"இல்லை" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டது. மறுபடி இல்லை என்றேன். குனிந்து பார்த்தபோது என் சட்டைப் பைக்கு மேலே பச்சையில் ஒரு எண் தெரிந்தது. 3 என்று இருந்தது. நகலில் ஆனது அவ்வளவுதான். நடையில் வரதராஜுலு தன் வீட்டு மணியிடம் அதே பதிலைச் சொல்வது கேட்டது.

வசந்தா ஏழாவது வயதில் இருந்தாள். அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் நிறுத்தி, என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சுங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை" என்றேன். "பஸ்ஸுல யார் பக்கத்துல உக்காந்தே, அதைச் சொல்லு."